ஒரு மீன், ஒரு பெயர்: டாக்டர் பிரான்சிஸ் டே

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், இப்போது படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் பக்கம்தான் போகிறார்கள், அதனால் புரோகிராம் எழுதுவது பற்றி உருப்படியாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டார். நான் நம் கல்லூரியில் படித்தது விலங்கியல். பிழைப்பு நடத்தியது புரோகிராம் எழுதி. இரண்டையும் ஒரே கட்டுரையில் சேர்க்க வேண்டுமானால் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டதில்லை. 1889-லேயே காலமாகிவிட்டார். ஆனால் புரோகிராமில் ஒவ்வொன்றுக்கும் தெளிவாக, ஒரே மாதிரி பெயர் வைக்க வேண்டும் என்று நாம் இன்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோமே, அந்த வேலையை ஒரு கடல் முழுவதற்கும் செய்து பார்த்தவர் அவர். டாக்டர் பிரான்சிஸ் டே.

விலங்கியல் நண்பர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. லேபில் ஃபார்மலினில் கிடக்கும் மீனை என்னவென்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால், டேயைப் போய்ப் பார் என்பார்கள். முதலாமாண்டில் அந்தப் பெயரைக் கேட்டு வகுப்பே சிரிக்கும். யாரையோ டேய் என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும்!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பிரான்சிஸ் டே என்றவுடன் மற்றத் துறை நண்பர்களுக்கு ஞாபகம் வருவது சென்னையை உண்டாக்கிய பிரான்சிஸ் டே. என் சொந்த ஊர் அனுப்பம்பட்டு. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில் உள்ள ஸ்டேஷன். அங்கிருந்து வடகிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. அந்தப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். இந்தக் கரையில் தங்களுக்கும் ஒரு நல்ல இடம் வேண்டும் என்று ஆங்கிலக் கம்பெனிக்காகத் தேடி அலைந்து, 1639-ல் மதராசபட்டினத்தைப் பிடித்தவர் அந்த டே. நான் சொல்லும் டே பிறந்ததோ 1829-ல். நடுவில் இருநூறு வருஷம் இருக்கிறது. ஆனாலும் இருவரும் கம்பெனி உத்தியோகஸ்தர்கள், இருவரும் சென்னை ராஜதானியோடு சம்பந்தப்பட்டவர்கள். ஆகவே ஒருவருடைய கதையை இன்னொருவர் தலையில் கட்டுவது சுலபம்.

ஒரு புரோகிராமில் ஒரே பெயரை ஒரே இடத்தில் இரண்டு பொருளுக்கு வைத்தால் கம்பைலர் பெரும்பாலும் சண்டைக்கு வரும். வெவ்வேறு ஃபைலில் வைத்தால் வராது, சும்மா இருந்துவிடும். மனிதர்களும் அப்படித்தான். விலங்கியலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பெயருக்குப் பின்னால் அதை வைத்தவர் பெயரும் வைத்த ஆண்டும் சேர்த்து எழுதுவார்கள். மாணவர்களாக இருந்தபோது இது வெறும் மனப்பாடத் தொல்லையாகத்தான் தெரிந்தது. இந்தப் பெயர் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லும் இனிஷியல் அது என்பது புரோகிராம் எழுத வந்த பிறகுதான் புரிந்தது.

டே பிறந்தது இங்கிலாந்தில், சஸ்ஸெக்ஸ் பகுதியில் மேர்ஸ்ஃபீல்டு என்ற ஊர். வசதியான குடும்பம். ஷ்ரூஸ்பரி பள்ளியில் படித்து, லண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவம் கற்று, 1852-ல் சென்னை ராஜதானிப் படையில் உதவி சர்ஜனாக வந்து சேர்ந்தார். வந்ததும் பர்மாப் போர். பிறகு தென்னாட்டில் பல ஊர்கள். கொச்சியில் இருந்தபோதுதான் மீன் அவரைப் பிடித்துக்கொண்டது; அவர் மீனைப் பிடித்தார் என்று சொல்வதைவிட இதுதான் சரி. 1863-ல் கொச்சி நாட்டின் வரலாற்றை ஒரு புத்தகமாக எழுதினார். 1865-ல் மலபார் மீன்களைப் பற்றிய நூல் வந்தது. ஊட்டிக்கு டிரவுட் மீன் கொண்டுவரும் முயற்சியிலும் இறங்கினார். அது அவர் காலத்தில் பலிக்கவில்லை. உடம்பும் அடிக்கடி படுத்தியது.

இதெல்லாம் ஒரு வெள்ளைக்கார டாக்டரின் பொழுதுபோக்காகவே முடிந்திருக்கலாம். அரசாங்கம் ஒரு கேள்வி கேட்டதால் அப்படி முடியவில்லை.

அணைகள் கட்டியாயிற்று. கொள்ளிடத்தில் சர் ஆர்தர் காட்டன் கட்டியது உட்பட. நெல் விளைந்தது, சர்க்காருக்கு வரி வந்தது. ஆனால் கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறி வரும் மீன்கள் அணையில் முட்டிக்கொண்டு நிற்கின்றன, மேலே மீன் குறைந்துவிட்டது என்ற பேச்சு எழுந்தது. உண்மையா, இல்லையா? இதைப் பார்த்துச் சொல்லும் வேலை 1860-களின் கடைசியில் டேயிடம் வந்தது.

கொள்ளிடத்தில் ஏறும் முக்கியமான மீன் உல்லம். கோதாவரியில் ஏறுவது புலாசா. கங்கையில் இலிஷ். சிந்து நதியில் பல்லா. ஒவ்வொரு ஆற்றங்கரையிலும் அந்தந்த ஊர்க்காரருக்கு அது தங்கள் சொந்த மீன். அதைப் போல் வேறு எங்கும் கிடையாது என்று சத்தியம் செய்வார்கள். ஆனால் நான்கும் ஒரே மீன். இதைத் தெரிந்துகொள்ளாமல் கணக்கெடுத்தால் என்ன ஆகும்? உல்லம் குறைந்தது தஞ்சாவூர் விஷயம், புலாசா குறைந்தது கோதாவரி விஷயம் என்று நாலு மூலையில் நாலு ஃபைல் தூங்கும். ஒரே மீன் என்று தெரிந்த பிறகுதான், ஒரு ஆற்றில் கண்டதை வைத்து இன்னொரு ஆற்றில் என்ன நடக்கும் என்று கேட்கவே முடியும்.

எண்ணுவதற்கு முன்னால் பெயர் சரியாக வேண்டும். டேயின் வாழ்க்கை முழுக்க நான் பார்ப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

1871-ல் அவரை இந்திய மீன்வளத்தின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆக்கினார்கள். ஊர் ஊராகச் சுற்றினார். கலெக்டர்களிடமிருந்தும் தாசில்தார்களிடமிருந்தும் பதில்களை வாங்கித் தொகுத்து, 1873-ல் நன்னீர் மீன்களுக்கு ஒன்று, கடல் மீன்களுக்கு ஒன்று என்று இரண்டு அறிக்கை கொடுத்தார். சின்னக் கண்ணி வலையாலும், வாய்க்காலை அடைத்து வைக்கும் பொறிகளாலும் குஞ்சுகள் அழிகின்றன என்பது அவர் கட்சி. அவர் கேட்ட கட்டுப்பாடுகள் உடனே வரவில்லை. இந்திய மீன்வளச் சட்டம் வந்தது 1897-ல். அப்போது அவர் இறந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கட்டுப்பாடுகள் ஏழை மீனவனைப் பாதித்திருக்காதா என்று கேட்டால், பாதித்திருக்கும் என்றே நினைக்கிறேன். பழவேற்காட்டில் இறால் பிடிக்கும் இடத்தை முறை போட்டுப் பகிர்ந்துகொள்ளும் பாடு என்கிற ஏற்பாடு உண்டு. மீனவர்களே வைத்துக்கொண்ட அந்த மாதிரி ஒழுங்கெல்லாம் லண்டனில் படித்த டாக்டர் கண்ணுக்குப் பெரிதாகப் பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். அது வேறு கட்டுரை, இங்கே வேண்டாம்.

அவருடைய பெரிய வேலை 1875-லிருந்து 1878-க்குள் பகுதி பகுதியாக வெளிவந்த இந்திய மீன்கள் என்ற நூல். இந்தியா, பர்மா, இலங்கைக் கடல்களிலும் ஆறுகளிலும் உள்ள மீன்கள், படங்களோடு. அதை லைப்ரரியில் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு ஞாபகம் இருக்கும். மேலே ஒரே ஒரு பெயர். அதன் கீழே, அதே மீனுக்கு அதுவரை யார் யார் என்னென்ன பெயர் வைத்தார்கள், எந்தப் புத்தகத்தில், எந்த வருஷம் என்று ஒரு நீண்ட பட்டியல். பிறகு மீனின் வர்ணனை. அதோடு தமிழில் இது, தெலுங்கில் இது, மலையாளத்தில் இது, வங்காளத்தில் இது என்று ஊர்ப் பெயர்கள். நம் ஊர்ப் பெயர்களைக் காதால் கேட்டபடி ஆங்கில எழுத்தில் போட்டிருப்பதால், சிலதைப் படித்து இன்ன மீன் என்று கண்டுபிடிப்பது ஒரு விடுகதை விளையாட்டு! ஆனாலும் போட்டிருக்கிறார். மீன்காரருடைய பெயர் தப்பு, என் பெயர்தான் சரி என்று தூக்கி எறியவில்லை. உள்ளே ஒரே பெயர், வாசலில் எத்தனை பெயர் வந்தாலும் சரி.

ஊர்ப் பெயரை மட்டும் நம்பினால் என்ன கஷ்டம் என்பது மீன் வாங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும். சென்னையில் வஞ்சிரம் என்பதைத் தூத்துக்குடியில் சீலா என்பார்கள். சென்னையில் சீலா கேட்டால் வேறு மீனைத் தருவார்கள். நீள மூக்கும் ஊசிப் பல்லுமாக இருக்குமே, அது. தூத்துக்குடி மாப்பிள்ளை காசிமேட்டில் சீலா வாங்கிப் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஊரிலும் யாரும் தப்பாகப் பேசவில்லை. அவரவர் ஊருக்குள் அவரவர் சரி. இரண்டு ஊரும் ஒரே ஃபைலில் சேரும்போதுதான் வினை.

ஃபைல் என்றதும் என் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. 1994-ல் சென்னையில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனி (பெயர் வேண்டாம்) தங்கள் ஃபாக்ஸ்புரோ புரோகிராமைச் சரி பார்க்க என்னைக் கூப்பிட்டது. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். ஏரிக்கரையிலிருந்து இறால் எடுத்து அனுப்பும் பழவேற்காட்டுக்காரர் ஒருவர், பல மாதமாகப் பணம் குறைவாக வருகிறது என்று வாசலில் வந்து நின்றிருக்கிறார். கம்ப்யூட்டர் போட்ட பில், தப்பே வராது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் விடவில்லை. எல்லாச் சீட்டையும் மஞ்சப்பையில் கட்டி வைத்திருந்தார்.

இறால் வியாபாரத்தில் கவுண்ட் என்றால் ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் என்று அர்த்தம். எண் குறையக் குறைய இறால் பெரிசு, விலை அதிகம். வாங்கும்போது எழுதுகிற ஃபைலில் கவுண்ட் என்ற பெயருக்கு அதுதான் பொருள். ஆனால் பேக்கிங் ஃபைலில் எத்தனை பெட்டி என்ற எண்ணிக்கைக்கும் கவுண்ட் என்றே பெயர் வைத்திருந்தார்கள். பில் போடும் புரோகிராம் இரண்டு ஃபைலையும் திறந்து, இரண்டாவது கவுண்ட்டை எடுத்துக்கொண்டு விலை போட்டது. அதாவது, நிறையப் பெட்டி அனுப்பினால் இறால் பொடிசு என்று அர்த்தமாகி விலை இறங்கும்! இரண்டு பெட்டி அனுப்பியவருக்கு ராஜ விலை. அவர் ஏன் வாய் திறக்கப்போகிறார்? சீட்டில் 30 என்று இருக்க, பில்லில் 62 என்று வந்திருந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத அந்த மனிதர் எண்ணைப் படித்துவிட்டார். கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள். திருத்த அரை மணி: ஒன்றை கவுண்ட்கேஜி என்றும் மற்றதை நம்பாக்ஸ் என்றும் மாற்றினேன். ஃபாக்ஸ்புரோவில் ஒரு ஃபீல்டு பெயருக்குப் பத்து எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. அந்தப் பத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. பாக்கிப் பணத்தை மூன்று தவணையாகக் கொடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதே புரோகிராமில் ரேட், ரேட்1, நியூரேட் என்று மூன்று இருந்தன. நியூரேட் என்பதுதான் மூன்றிலும் பழசு. இன்று புதியது என்று பெயர் வைத்தால் நாளைக்கு அது பொய்யாகிவிடும். மீன்களிலும் இந்த மாதிரி உண்டு. நம் உப்பங்கழிகளில் கிடைக்கும் செத்தக்கெண்டைக்கு, கேரளத்தில் கரிமீன் என்று கொண்டாடுகிறார்களே அதற்கு, எட்ரோப்ளஸ் சுரடென்சிஸ் என்று பெயர். ஜெர்மனியில் பிளாக் என்பவர் 1790-ல், மீன் சூரத்திலிருந்து வந்தது என்று நம்பி வைத்தது. அந்த மீனுக்கு உண்மையில் வீடு தென்னிந்தியாவும் இலங்கையும். ஆனாலும் பெயரை மாற்றுவதில்லை. ஏன்? பெயர் என்பது வர்ணனை அல்ல, அடையாளம். வர்ணனை தப்பென்றால் வர்ணனையைத் திருத்திக்கொள்ளலாம். நூறு புத்தகத்தில் ஏறிவிட்ட பெயரை ஆளாளுக்குத் திருத்தினால் எந்தப் புத்தகமும் எதோடும் பொருந்தாது. புரோகிராமில் நமக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஒரே நாளில் எல்லா இடத்திலும் மாற்றிவிட முடியும் என்றால் தாராளமாக மாற்றலாம். பாதி இடத்தில் மாற்றிவிட்டு மீதியை அப்புறம் பார்க்கலாம் என்பவர்களைத்தான் நான் நம்புவதில்லை.

டேயிடமும் குறை உண்டு, பெரிய குறை. 1877-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் மீன் விஷயத்தில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆல்பர்ட் குந்தர் வைத்ததுதான் சட்டம். 1859-லிருந்து 1870 வரை எட்டுத் தொகுதியாக உலக மீன்களைப் பட்டியல் போட்டவர். டேக்கும் அவருக்கும் ஆகவில்லை. ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் குறை சொல்வதும், ஒருவர் மீனை இன்னொருவர் சந்தேகிப்பதுமாக எழுத்திலேயே சண்டை. அதன் விளைவு, டே வாழ்நாளெல்லாம் சேர்த்த மீன்கள் ஒரே இடத்துக்குப் போகவில்லை. ஒரு பெரிய பகுதியை 1880-களில் ஆஸ்திரேலியாவில் சிட்னி மியூசியத்துக்கு விற்றுவிட்டார். மற்றவை கல்கத்தா, லண்டன், லைடன், வியன்னா, பெர்லின் என்று சிதறின.

இதில் என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஒரு பெயர் வைக்கும்போது, இதோ இந்த ஒரு மீனைப் பார்த்துத்தான் இந்தப் பெயரை வைத்தேன் என்று ஒரு மாதிரி மீனைக் காட்டியாக வேண்டும். பின்னால் சந்தேகம் வந்தால் அந்த ஜாடியைத் திறந்து பார்க்கலாம். டே எந்த ஜாடி என்று தெளிவாகக் குறித்து வைக்கவில்லை. ஒரே இனத்தின் மீன்கள் நாலு தேசத்தில் இருக்கின்றன, இவற்றில் எது அவர் வர்ணித்தது? மேலே பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது எதைச் சுட்டுகிறது என்று எழுதி வைக்காவிட்டால் இதுதான் கதி. தொகை என்று ஒரு பெயர் இருக்கிறது. வரிக்கு முன்னாலா, பின்னாலா? தேதி என்று இருக்கிறது. சரக்கு வந்த தேதியா, பில் போட்ட தேதியா? எழுதியவரைக் கேட்கலாம் என்றால் அவர் சிங்கப்பூர் போயிருப்பார்.

டேயின் ஜாடிகளை ஒழுங்குபடுத்த, அவர் இறந்து எண்பது வருஷம் கழித்து இரண்டு பேர் உட்கார வேண்டியிருந்தது. லண்டன் மியூசியத்திலிருந்து வைட்ஹெட், கல்கத்தாவில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்திலிருந்து தல்வார். எந்த மியூசியத்தில் எந்த மீன், எது எந்தப் பெயருக்கு உரியது என்று தேடிப் பிடித்து 1976-ல் வெளியிட்டார்கள். பொறுமைக்குப் பரிசு கொடுக்கலாம் என்றால் இவர்களுக்குக் கொடுக்கலாம்.

டே கடைசி வரை எழுதிக்கொண்டே இருந்தார். இங்கிலாந்து மீன்களைப் பற்றித் தனியாக ஒரு பெரிய நூல். 1885-ல் சி.ஐ.இ. பட்டம். பிறகு பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் மீன்களுக்கு இரண்டு தொகுதி. 342 பேரினங்கள், 1418 இனங்கள். அது வெளிவந்த 1889-லேயே, ஜூலை 10-ந் தேதி, செல்டன்ஹாமில் காலமானார். வயிற்றில் புற்றுநோய். வயது அறுபது.

அவர் வைத்த பெயர்களில் ஒன்றின் கதையை மட்டும் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். 1865-ல் கேரளத்து மலையாறு ஒன்றில் கிடைத்த அழகான சிறு மீனுக்கு, அப்போது சென்னை கவர்னராக இருந்த சர் வில்லியம் டெனிசன் நினைவாக லேபியோ டெனிசோனி என்று பெயரிட்டார். பக்கவாட்டில் சிவப்புக் கோடு ஓடும். இன்று மீன் தொட்டிக்காரர்கள் மிஸ் கேரளா என்று நல்ல விலைக்கு விற்கிறார்களே, அதுதான். அது லேபியோ இனமில்லை என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். வெவ்வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். நெடுநாள் புன்டியஸில் இருந்தது. 2013-ல் சஹ்யாத்ரியா என்று புதுப் பேரினம் உண்டாக்கி அதில் வைத்தார்கள். முன் பாதி இத்தனை முறை மாறியும் டெனிசோனி என்ற பின் பாதி அப்படியே இருக்கிறது. இடம் மாறியதற்கு அடையாளமாக, டே, 1865 என்பதை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். ஒரு ஃபங்ஷனை ஒரு மாட்யூலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் அதன் சொந்தப் பெயரை மாற்றாமல், எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு வைப்பதை இன்றைய பிள்ளைகள் பெரிய நவீன முறை என்கிறார்கள். மீன்காரர்கள் ரொம்ப நாளாகச் செய்கிறார்கள், தம்பி!

2012 முதல் பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி நடக்கிறது. ஏரி பக்கத்திலேயே, நம் காலத்தில் அந்த வசதி இல்லை. அங்கே படிப்பவர்களும் டேயின் தொகுதிகளைப் புரட்டித்தான் ஆக வேண்டும். அந்த ஜாடிகளைத் தேடிய தல்வாரும் வைட்ஹெட்டும் 1971-லேயே, கேரளத்து உப்பங்கழிகளில் வாழும் விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீனுக்குப் புதிய பேரினம் ஏற்படுத்தி, அதற்கு டேயெல்லா என்று பெயர் வைத்தார்கள். அந்த மீனை 1873-ல் முதலில் வர்ணித்தவர் டே. அப்போது அதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார். ஆகவே முழுப் பெயரை எழுதும்போது டேயெல்லா மலபாரிகா (டே, 1873) என்று வரும்.